உப்பளத்தின் வேளையும் பள்ளியின் மணியும்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள மரக்காணம், தூத்துக்குடிக்கும் வேதாரணியத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு விளையும் ஊராக அறியப்படுகிறது. ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டி வரும் பக்கிங்காம் கால்வாய் முடியும் இடமும் இதுவே. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. இங்குள்ள பூமீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிறது. ஊரின் பழமை இத்தனை நீண்டதாயினும், அதன் அளங்களில், அதாவது உப்பு விளைவிக்கும் நிலங்களில், கூலிக்கு உழைத்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற வரலாறு மிகக் குறுகியது.

அதற்கான காரணத்தின் ஒரு பகுதி தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், சனவரி வாக்கில், பாத்திகளின் சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி, வெயிலில் உறைந்த உப்பை நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் குவிப்பர். குவித்ததைப் பெண்கள் கூடைகளில் தலைச்சுமையாகச் சுமந்து மேட்டில் சேர்ப்பர். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலோடு பாத்தியில் நிற்க இயலாது என்பதால் விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடும். பள்ளி மணி அடிக்கும் வேளையில் வீட்டில் பெரியவர் எவரும் இருப்பதில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் மேல் விழுகிறது. விளைச்சல் மிகும் கோடையின் தொடக்கமே ஆண்டுத் தேர்வு நடக்கும் காலமும் ஆகும்.

இந்த வட்டாரத்துக்குக் கல்வி நிறுவனங்கள் புதியவை அல்ல. மரக்காணத்துக்கு மேற்கே உள்நாட்டில் உள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒரு வேதக் கல்லூரியை விவரிக்கிறது: 340 மாணவர், 14 ஆசிரியர், அனைவருக்கும் அளந்து கொடுக்கப்பட்ட நெல். புதுச்சேரிப் பகுதியின் திருபுவனையில் 1048இல் 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட மற்றொரு கல்லூரி இருந்தது. படிப்பவனுக்குச் சோறு போட வேண்டும் என்பதை 11ஆம் நூற்றாண்டின் ஆட்சி தெளிவாகவே அறிந்திருந்தது என்பதற்கு இவை சான்றுகளாகும். ஆனால் அந்த நெல் வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் கற்ற அந்தணர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. இக்கல்லூரிகளைப் பண்டைத் தமிழகத்தின் கல்விச் சிறப்புக்குச் சான்றாகக் காட்டும் நூல்கள் பெரும்பாலும் இந்த வரம்பைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் கடற்கரைக்கு முதலில் வந்தது உப்புக் கணக்கு. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமைப் பொருளாயிற்று. விளைந்ததை அரசு குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அண்டையிலிருந்த பிரெஞ்சுப் புதுச்சேரி உப்பு விளைவிக்காமல் இருப்பதற்காக, 1818 உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 4,000 நட்சத்திர வராகன் ஈட்டுத்தொகையாக வழங்கப்பட்டது. உப்பை இவ்வளவு கருத்தாக எண்ணிய அரசு பிள்ளைகளையும் ஒருமுறை எண்ணியது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பின் முடிவு 1826இல் வெளிவந்தபோது, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தது தெரியவந்தது. அதாவது 67 பேருக்கு ஒருவர். இவற்றில் மிகுதியானவை, ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் பெற்றோர் தரும் கூலியைக் கொண்டு நடந்த திண்ணைப் பள்ளிகள். கல்வி தாழ்ந்திருப்பதற்கு மக்களின் வறுமையையும் ஒரு காரணமாகக் கூறிய மன்றோ, மாவட்டத் தலைநகர்ப் பள்ளிகளோடு, மாதம் 9 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியர் பணியாற்றும் 300 தாசில்தாரிப் பள்ளிகளையும் திட்டமிட்டார். தாலுகா அளவோடு நிற்கவேண்டியிருந்த அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தாலும் அளத்தின் வரப்பை எட்டியிராது. அதுவும் 1836இல் கைவிடப்பட்டது.

திண்ணைப் பள்ளியின் படி ஏற முடியாதவர்கள் பற்றி அரசு வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது 1890களில்தான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அம்மாவட்டப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையை அடுத்து, 1893இல், அன்றைய அரசேடுகள் பஞ்சமர் எனக் குறித்த பட்டியல் சாதியினரின் கல்விக்கெனத் தனி ஆணை பிறந்தது. 1920களில் தொழிலாளர் துறை அவர்களுக்கெனப் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது; இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே உள்ளது. தனிப் பள்ளி கிடைத்தது ஒரு பேறு என்றாலும், பொதுப் பள்ளியின் கதவு அதனால் விரைவாகத் திறந்துவிடவில்லை.

1953இல் இராசாசி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம் இந்தக் கடற்கரைக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழில் என்ற அந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்றனர். குயவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்காவது கற்க ஒரு கைவினை இருந்தது. அளக்கூலியின் பிள்ளைக்கோ மிதிக்கச் சேறும் சுமக்கக் கூடையும்தான் இருந்தன. கல்வி முறையில் நேரச் சிக்கல் இருப்பதை இராசாசி சரியாகவே கண்டார், ஆனால் பிள்ளையின் நேரத்தைக் குறைத்து அதைத் தீர்க்க முயன்றார். காமராசர் ஆட்சி 1954 மே மாதம் திட்டத்தைக் கைவிட்டு, நேர்மாறான வழியைப் பிடித்தது. 1956இல் ஊர்மக்களின் கொடையோடு தொடங்கிப் பின் அரசு மானியம் பெற்ற மதிய உணவு, எண்ணாயிரத்தின் நெல்லைச் சாதி பாராமல் பகிர்ந்தளித்தது என்று சொன்னால் மிகையாகாது. 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவு, பள்ளி வயதை எட்டாத சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டதால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற சிறுமியின் சுமையையும் ஓரளவு குறைத்தது.

கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் வட்டார முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் உள்ளூர்த் தன்னார்வலர்கள், மாலை 5 முதல் 7 மணிக்குள், பிள்ளைகளின் தெருவிலேயே வகுப்பு நடத்துவது அதன் முறை. வகுப்பு பிள்ளையின் வாசலுக்கும் வேளைக்கும் இறங்கி வந்தது அதன் வலிமை. ஆசிரியரின் வேலையைச் சொற்பத் தொகைக்குத் தன்னார்வலரிடம் விட்டது அதன் குறை. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், விடியுமுன் அடுப்பை அணைத்துவிட்டு அளத்துக்குச் செல்லும் தாயின் வீட்டுக்கு வேறெந்தத் திட்டத்தையும்விட நேராகப் பொருந்துகிறது.

ஆனால் அளத்தின் பருவமும் பள்ளியின் ஆண்டும் மோதிக்கொள்ளும் கோடைத் தொடக்கத்துக்கு இன்னும் தனி ஏற்பாடு இல்லை. உப்பு விளையாத மழை மாதங்களுக்காக அரசு இப்போது உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. அதற்கெனக் குடும்பங்களின் பட்டியலும் அரசிடம் உள்ளது. கல்வித் துறை அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெற்று, மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் வருகையைத் தனியே கவனிக்க வேண்டும்.