கொங்குத் திருமணப் பணியாளர்கள்

கொங்குத் திருமணப் பணியாளர்கள் என்போர் கொங்கு நாட்டுத் திருமணங்களில் சடங்கு, பந்தல், சமையல், இசை, அலங்காரம் முதலிய வேலைகளைச் செய்பவர்கள் ஆவர். முற்காலத்தில் இவ்வேலைகள் ஊர்க் குடிமக்களின் பிறப்புவழிக் கடமையாகவும் உரிமையாகவும் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை ஒப்பந்தத் தொழில்களாக மாறின. சேர்வராயன் மலையடிவாரத்திலுள்ள குப்பனூர் முதலிய சேலம் வட்டார ஊர்களும் இம்மாற்றத்திற்கு உட்பட்டவையே. ஒவ்வொரு சாதியிலும் ஊரிலும் சடங்குகள் சற்றே வேறுபடும். இக்கட்டுரை கொங்கு வேளாளர் திருமணத்தை முதன்மையாகக் கொண்டு அமைகிறது.

மரபான பணிப் பகுப்பு

கொங்கு வேளாளர் திருமணத்தை நடத்திவைப்பவர் அருமைக்காரர். இவர் அதே சமூகத்தைச் சேர்ந்த, மனைவி மக்களோடு வாழும் பெரியவர். உரிய சீர் செய்துகொண்ட பிறகே இந்தத் தகுதியைப் பெறுவார். பெண்களுக்கான சீர்களை எழுதிங்கள் சீர் செய்துகொண்ட பெண்கள் முன்னின்று செய்வர். புரோகிதர் இல்லாமலே திருமணம் நிறைவு பெற்றது. பிற்காலத்தில் பல குடும்பங்கள் புரோகிதரையும் அழைக்கத் தொடங்கின.

மற்ற பணிகள் பின்வருமாறு பிரிந்திருந்தன:

நாவிதர்: கொங்கில் இவருக்குக் குடிமகன் என்று பெயர். மணமகனுக்கு முகம் மழிப்பதுடன் இவர் வேலை முடிவதில்லை. சீர்களின் வரிசையை நினைவில் வைத்து எடுத்துச் சொல்பவரும் மங்கல வாழ்த்துப் பாடுபவரும் இவரே. அவ்வாழ்த்தைக் கம்பர் இயற்றினார் என்பது மரபு. பாடலுக்கு இடையிடையே மேளம் தட்டப்படும்.

வண்ணார்: வெளுத்த துணியை மணமக்கள் நடக்கவும் உட்காரவும் விரிப்பார். இதற்கு மாத்து விரித்தல் என்று பெயர். பந்தலுக்கு மேற்கட்டி கட்டுவதும் தீப்பந்தம் பிடிப்பதும் இவரது பொறுப்பு.

குயவர்: அரசாணிப் பானைகள், அகல்கள், சமையல் மண்கலங்கள் ஆகியவற்றைத் தருவார்.

தச்சரும் பொற்கொல்லரும்: தச்சர் மரவேலையையும் பொற்கொல்லர் தாலி செய்வதையும் கவனித்தனர்.

பண்டாரம்: பூ கட்டுதல், மாலை தொடுத்தல்.

சமையலுக்குத் தனி ஆள் பெரும்பாலும் இல்லை. பங்காளிகளும் மாமன் மைத்துனர்களும் சேர்ந்து ஆக்கிப் பரிமாறினர். ஓலைப்பந்தல் போடுவதும் ஊரார் வேலையாகவே இருந்தது.

ஊதியமும் மரியாதையும்

இப்பணிகளுக்கு முன்கூட்டி விலை பேசும் வழக்கம் இல்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் ஒவ்வொரு குடும்பமும் அளந்து தரும் தானியமே ஆண்டு ஊதியம். திருமணத்தின்போது வேட்டி, அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, சிறு காசு ஆகியவை கூடுதலாகக் கிடைத்தன. 1960களில் காங்கேயம் அருகே கள ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1972இல் வெளியான தம் நூலில் கொங்குச் சமூகத்தின் இத்தகைய சாதி உறவுகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இம்முறையில் ஒரு முரண் இருந்தது. சடங்கு நேரத்தில் குடிமகனும் வண்ணாரும் இல்லாமல் சீர் நகராது. மற்ற நாட்களில் அவர்களே தாழ்வாக நடத்தப்பட்டனர். வேலையை மறுக்கும் உரிமையும் கூலியை நிர்ணயிக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. பந்தலில் வாழ்த்துப் பாடியவர் அதே பந்தியில் சமமாக அமர்ந்து உண்ண முடியாத நிலையும் இருந்தது. எனவே பழைய முறையை ஊர் ஒற்றுமையின் அடையாளமாக மட்டும் காண்பது பொருந்தாது.

மாற்றத்திற்கான காரணங்கள்

பணப்பயிர்களும் நகர வேலைகளும் பெருகியபோது தானியக் கூலி மதிப்பிழந்தது. குடிமக்களின் பிள்ளைகள் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றனர். முடிதிருத்தகமும் சலவைக்கடையும் ரொக்கக் கூலியை நிலைநாட்டின. பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள் மண்கலங்களின் இடத்தைப் பிடித்தன. திருமணம் வீட்டு வாசலிலிருந்து மண்டபத்திற்கு மாறியதும் ஊராரின் கூட்டுழைப்பு குறைந்தது.

சுயமரியாதை இயக்கம் சடங்கையே கேள்விக்கு உட்படுத்தியது. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததாகக் கூறப்படுகிறது. அத்தகைய திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணாதுரை அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்பது அதன் சாரம். புரோகிதரோ குடிமகனோ இன்றியும் திருமணம் சட்டப்படி முழுமை பெறும் என்பது இதனால் உறுதியாயிற்று.

இன்றைய பணியாளர்கள்

இன்று மண்டப உரிமையாளர், சமையல் ஒப்பந்தக்காரர், பந்தல் மற்றும் மேடை அலங்காரக்காரர், நாதசுவரக் குழுவினர், ஒளிப்படக்காரர், மணப்பெண் ஒப்பனையாளர், அச்சகத்தார் ஆகியோர் தனித்தனியே முன்பணம் பெற்று வேலை செய்கின்றனர். இவர்களை ஒருங்கிணைக்கும் நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனங்களும் உள்ளன. பட்டு, வெள்ளிப் பொருட்களுக்குச் சேலம் நகரமே இவ்வட்டாரத்தின் சந்தை. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டும், சேலத்து வெள்ளிக் கொலுசும் புகழ்பெற்றவை.

பழைய முறையில் அருமைக்காரரும் குடிமகனும் அறிந்திருந்த ஒட்டுமொத்த ஒழுங்கு இப்போது பலரிடம் சிதறிக் கிடக்கிறது. சமையல்காரருக்குப் பந்தியின் எண்ணிக்கை தெரியும். எந்தச் சீருக்குப் பின் பந்தி என்பது தெரியாது. ஒளிப்படக்காரர் கேட்டுக்கொண்டதற்காகச் சீரை நிறுத்தி மீண்டும் செய்வதும் நடக்கிறது. மங்கல வாழ்த்தைப் பல மண்டபங்களில் ஒலிப்பதிவே பாடுகிறது.

சட்டப் பொறுப்புகள்

ஒப்பந்தமுறை புதிய பொறுப்புகளையும் கொண்டுவந்தது. பணம் பெற்றுச் செய்யும் வேலையில் குறை நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 படி முறையிடலாம். உணவு வழங்குவோர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

இவற்றுள் மிக முக்கியமானது குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையாத திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆகவே மண்டபம் தருபவரும் அழைப்பிதழ் அச்சிடுபவரும் வயதுச் சான்றைக் கேட்பது வீண் கெடுபிடி அன்று; ஒரு சிறுமியின் படிப்பும் உடல்நலமும் அந்தக் கேள்வியால் காக்கப்படலாம்.

மதிப்பீடு

குடிமக்கள் முறையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. ஒப்பந்தமுறையில் பணமும் விருப்பமும் முடிவு செய்கின்றன. முன்னதில் நினைவும் பாட்டும் தலைமுறைகள் கடந்து வந்தன, உழைத்தவருக்கு விடுதலை இல்லை. பின்னதில் உழைப்பவர் தம் கூலியைத் தாமே சொல்ல முடிகிறது, மறுக்கவும் முடிகிறது. மங்கல வாழ்த்துப் பாடத் தெரிந்த முதியவர்களிடமிருந்து அப்பாடலையும் சீர் வரிசையையும் பதிவு செய்து, பாடுபவருக்கு உரிய மதிப்பும் ஊதியமும் தருவது இன்றைய தேவையாகும்.