மூன்று ஓலை

எங்கள் கடற்கரைப் பங்குகளில் கல்யாணம் நிச்சயமானதும் அடுத்து வரும் கேள்வி, "ஓலை எப்போ வாசிக்கிறாங்க?" என்பதுதான். மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று சாமியார் அறிவிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். மாப்பிள்ளையின் பங்கிலும் அதே ஓலை வாசிக்கப்படும். என் அப்பா உபதேசியார். அவருடைய நீள நோட்டில் ஒவ்வொரு ஜோடியின் பெயருக்கும் எதிரே மூன்று தேதிகளுக்கு இடம் விட்டிருப்பார். மூன்றாவது தேதி விழாமல் பந்தலுக்குச் சொல்லாதீர்கள் என்பார்.

இந்த வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இருவரின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபை தெளிவாகச் சொல்லிவிட்டது. பெற்றவர்கள் முடிவோ சீர்வரிசையோ அதை ஆக்குவதில்லை. ஆனால் ரகசியமாகச் சொன்ன சம்மதமும் செல்லும் என்றாகிவிட்டதால், பின்னால் ஒருவன் மறுத்தால் அந்தப் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. அதனால்தான் மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர் கூட்டிய லாத்தரன் பொதுச்சங்கம் 1215-இல் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் அதை மூன்று திருநாட்கள் என்று வரையறுத்தது.

அதே திரெந்துச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதை நம் மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்திப்போனால், அவள் அவன் பிடியில் இருக்கும்வரை அவனோடு திருமணமே கிடையாது. அவள் சம்மதம் என்று சொன்னாலும் செல்லாது. அவனைவிட்டுப் பிரிந்து, பயமில்லாத ஓர் இடத்தில் இருந்துகொண்டு சம்மதித்தால் மட்டுமே செல்லும். பெண்ணின் சம்மதத்துக்கு முன் அவளுக்கு இடம் வேண்டும் என்று 450 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். 1917-இல் வந்த திருச்சபைச் சட்டம், இருவரும் மனமார சம்மதிக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னது. தேவைப்பட்டால் தனித்தனியே, பக்குவமாக, முக்கியமாகப் பெண்ணிடம்.

அந்த விசாரணை நடக்கும்போது எங்கள் பங்கில் அறைக்கதவு சாத்தியிருக்கும். தாய்மாமன் ஆனாலும் வெளித்திண்ணைதான். எழுபதுகளில் ஒரு முறை இரண்டாம் ஓலையோடு வாசிப்பு நின்றது. நர்ஸ் படிப்பு முடியட்டும், யோசிக்க வேண்டும் என்று அந்தப் பெண் தனியே சாமியாரிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வீட்டாரும் கொதித்தார்கள். மாப்பிள்ளைப் பையன் அவள் தெருப்பக்கமே போகவில்லை, ஆள்விட்டும் கேட்கவில்லை. "உபதேசியாரே, அவங்க சொல்றப்போ சொல்லட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுலடியார் அன்பின் குணங்களைச் சொல்லத் தொடங்கியதும் பொறுமையைத்தான் முதலில் வைத்தார். அதை அந்தப் பையன் வாழ்ந்து காட்டியதாகவே இன்றும் நினைக்கிறேன். ஓலை வாசித்து ஆறு மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். படிப்பு முடிந்ததும் அவளே வந்து சம்மதம் சொன்னாள். அப்பா நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, முதல் ஓலையிலிருந்து எழுதினார்.

1983-இல் வந்த புதிய சட்டம், அறிவிக்கும் முறையை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையிடம் விட்டுவிட்டது. அச்சுறுத்தி வாங்கிய சம்மதம் செல்லாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. இன்று மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து இருபது நாள் லீவில் வருகிறார். மண்டபம் முன்பே புக் ஆகியிருக்கிறது. ஓலைக்கு விலக்கு கேட்டு விண்ணப்பம் போகிறது. நிச்சயம் ஆன அன்றிலிருந்து பெண்ணின் போனுக்கு ஓய்வில்லை. பதில் தாமதமானால் சந்தேகம்.

மகளைக் கட்டிக்கொடுக்கப்போகும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: மூன்று ஞாயிறையும் முழுதாக விடுங்கள். சாமியார் உங்கள் மகளிடம் பேசும்போது நீங்கள் வெளியே இருங்கள். காத்திருக்கும் தம்பிகளே, அவள் யோசிக்கக் கேட்டால் கொடுங்கள்.