இத்தாவோடு முடியாத கணக்கு

தலாக் நேர்ந்துவிட்டால், மஹரையும் இத்தாக் காலச் செலவையும் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்றே திருவான்மியூரில் நம் பெரியவர்கள் பலர் இன்றும் எண்ணுகின்றனர். சட்டத்தின் வரலாறு வேறு.

ஷா பானு வழக்கில் 1985ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு கிளப்பிய கொந்தளிப்பில், மணவிலக்கான முஸ்லிம் பெண்களுக்கெனத் தனிச்சட்டம் 1986இல் பிறந்தது. கணவர் இத்தாவுக்குள் நியாயமான வாழ்வாதார ஏற்பாடு செய்ய வேண்டும். மஹரோடு, நிக்காஹ்வுக்கு முன்னும் பின்னும் அவளுக்கு வந்த நகைகளும் பொருள்களும் அவளுக்கே உரியவை. (நம் வீடுகளில் நகைப் பட்டியலை எவர் எழுதி வைக்கிறார்? வழக்குகள் தடுமாறுவது இங்கேதான்.) அதன் பின்னும் வழியற்றவளை அவளுடைய சொத்துக்கு வாரிசாகக்கூடிய உறவினர் தாங்க வேண்டும், அவர்களாலும் இயலாதபோது பொறுப்பு மாநில வக்ஃபு வாரியத்தினுடையது.

இந்தக் கடைசி வாசல் எளிதில் திறக்கவில்லை. உறவினர் ஒவ்வொருவர் மீதும் வழக்காடித் தோற்ற பிறகே வாரியத்திடம் வர வேண்டுமா என்னும் கேள்வி தமிழகத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கின் ஒரு தரப்பு நம் வாரியமே. தேவையில்லை, உறவினரின் இயலாமையை ஒரே வழக்கில் மெய்ப்பித்து வாரியத்திடம் நேராகவே கோரலாம் என்று 1996இல் தீர்ப்பாயிற்று.

கணவரின் ஏற்பாடு இத்தாவுக்குள் செய்யப்பட வேண்டுமே தவிர, அதன் அளவு இத்தாவோடு நிற்பதன்று என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மணவிலக்கான பெண்களுக்குரிய ‘மதாஉ’ பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 241ஆம் வசனம் பேசுவதை நாம் ஓதித்தான் வருகிறோம். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஜீவனாம்சம் கோரும் வழியும் அவளுக்கு அடைபடவில்லை என்று அதே நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்தது.