மார்ஷல் தாக்குதல்

மார்ஷல் தாக்குதல் என்பது சதுரங்கத்தில் ரூய் லோபஸ் எனப்படும் திறப்பின் ஒரு கிளை ஆகும். இதில் கறுப்புக் காய்களுடன் ஆடுபவர் ஒரு காலாளைப் பலிகொடுத்து, அதற்கு ஈடாக வெள்ளை அரசனைத் தாக்கும் வாய்ப்பைப் பெறுகின்றார். காலாள் பலியொன்றைக் கணினி கொண்டு ஆராய்வதன் பயனையும் ஆபத்தையும் விளக்குவதற்கு இத்திறப்பு சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

வரலாறு

1909 முதல் 1936 வரை அமெரிக்க வாகையாளராக விளங்கிய பிராங்க் மார்ஷலின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது. 1918 இல் நியூயார்க்கில் நடைபெற்ற போட்டியில் அவர் இதனைக் கியூபாவின் ஹொசே ராவுல் கபபிளாங்காவுக்கு எதிராக ஆடினார். கடுமையான தாக்குதலைத் தாங்கி நின்ற கபபிளாங்கா 36 நகர்வுகளில் வென்றார். மார்ஷல் இப்புதுமையைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார் என்ற கதை பரவலாக வழங்கினாலும் அது ஐயத்துக்குரியது. அந்த ஆட்டத்தில் தோல்வியடைந்த போதிலும், பிற்காலத்தில் மேம்படுத்தப்பட்ட வடிவில் இத்திறப்பு முன்னணி ஆட்டக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றது.

பலியின் தன்மை

எட்டாவது நகர்வில் கறுப்பு தன் அரசியின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டங்கள் முன்நகர்த்துகின்றது. அதன் பின் நிகழும் வெட்டுகளின் முடிவில் வெள்ளைக்கு ஒரு காலாள் மிகுதியாகக் கிடைக்கின்றது. ஆனால் வெள்ளையின் இடப்பக்கத்துக் கோட்டை, குதிரை, மந்திரி ஆகிய மூன்றும் தொடக்கக் கட்டங்களிலேயே நிற்கின்றன. கறுப்பின் மந்திரிகளும் அரசியும் வெள்ளை அரசனை நோக்கி விரைவாகத் திரள்கின்றன. இழந்த காலாளை உடனே எண்ணிவிடலாம். பெற்ற நேரத்தை அவ்வாறு எண்ண இயலாது.

சதுரங்கப் பொறிகளின் மதிப்பீடு

சதுரங்கப் பொறி என்பது நகர்வுகளைக் கணித்து நிலைகளை மதிப்பிடும் கணினி நிரல் ஆகும். ஒரு காலாளை 1 எனக் கொண்டால் குதிரையும் மந்திரியும் 3, கோட்டை 5, அரசி 9 என்பது வழக்கமான கணக்கு. பழைய பொறிகள் இத்தகைய கணக்கையே அடிப்படையாகக் கொண்டு, காய்களின் இருப்பிடம், அரசனின் பாதுகாப்பு முதலியவற்றுக்குச் சிறு மதிப்புகளைச் சேர்த்தன. பலியின் பயன் பொறி தேடும் ஆழத்துக்கு அப்பால் இருந்தால் அது பொறியின் கண்ணுக்குப் புலப்படாது. இக்குறைபாடு தொடுவான விளைவு எனப்படுகின்றது.

2004 உலக வாகையாளர் போட்டி

2004 இல் சுவிட்சர்லாந்தின் பிரிசாகோ நகரில் உருசியாவின் விளாடிமிர் கிராம்னிக்கும் ஹங்கேரியின் பீட்டர் லேக்கோவும் உலகப் பட்டத்துக்காக மோதினர். எட்டாவது ஆட்டத்தில் லேக்கோ மார்ஷல் தாக்குதலை ஆடினார். கிராம்னிக்கின் அணி கணினி உதவியுடன் முன்கூட்டியே ஒரு தொடரை ஆயத்தம் செய்திருந்தது. அதன்படி 24 ஆவது நகர்வில் கிராம்னிக் தன் அரசியை ஒரு கோட்டைக்கு ஈடாக விட்டுக்கொடுத்தார்.

அடுத்த நகர்வின் பின் காய்களின் மதிப்பு வெள்ளைக்கு 21, கறுப்புக்கு 22 என ஏறக்குறையச் சமமாக இருந்தது. மேலும், வெள்ளையின் இடப்பக்க ஓரக் காலாள் கடைசி வரிசையை அடைய இரண்டே நகர்வுகள் தேவைப்பட்டன. ஆயத்தத்தின்போது பொறி வெள்ளைக்கே சாதகமாக மதிப்பிட்டிருந்தது. ஆனால் இந்நிலையை அது போதிய நேரம் ஆராயவில்லை.

லேக்கோ பலகையின் முன் அமர்ந்து சிந்தித்தே விடையைக் கண்டார். 25 ஆவது நகர்வில் தன் அரசியை வெள்ளையின் மூன்றாம் வரிசைக்குள் செலுத்தினார். பின்னர் ஒரு மந்திரியையும் ஒரு குதிரையையும் அடுத்தடுத்துப் பலிகொடுத்து வெள்ளையின் கோட்டையைக் கைப்பற்றினார். கறுப்பின் 32 ஆவது நகர்வுடன் கிராம்னிக் தோல்வியை ஏற்றார். இதனால் லேக்கோ போட்டியில் முன்னிலை பெற்றார். எனினும், கடைசியான 14 ஆவது ஆட்டத்தை வென்ற கிராம்னிக் 7-7 எனச் சமன்செய்து பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

பகுப்பாய்வு முறை

காலாள் பலியைப் பொறி கொண்டு ஆராய்வோர் பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்:

1. முதலில் தோன்றும் எண்ணை முடிவாகக் கொள்ளாது, ஆழம் கூடக்கூட அது எவ்வாறு மாறுகின்றது என நோக்குதல்.
2. சிறந்த நகர்வை மட்டுமன்றி, அடுத்த நிலையில் உள்ள இரண்டு மூன்று நகர்வுகளையும் காட்டச் செய்தல்.
3. பொறி தரும் தொடரைப் பலகையில் இறுதிவரை ஆடி, அங்கு மீண்டும் ஆராயச் செய்து, பின் ஒவ்வொரு நகர்வாகத் திரும்பி வருதல். இதனால் தொலைவில் உள்ள உண்மை முந்தைய நிலையின் மதிப்பீட்டிலும் தெரியவரும்.
4. சமநிலை என்ற மதிப்பீடு மனிதருக்கு எளிதான நிலை என்று பொருள்படாது என்பதை நினைவிற்கொள்ளல். ஒரேயொரு நகர்வால் மட்டுமே காக்கக்கூடிய நிலையும் சமநிலை எனவே காட்டப்படும்.

தற்கால நிலை

2017 இல் அறிவிக்கப்பட்ட ஆல்பாசீரோ, தனக்குத்தானே ஆடிக் கற்ற நரம்பணு வலைப்பின்னலைக் கொண்டு, நீண்டகாலப் பயனுக்காகக் காய்களைப் பலிகொடுத்து ஆடியது. 2020 இல் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 12 பதிப்பிலும் நரம்பணு வலைப்பின்னல் மதிப்பீடு சேர்க்கப்பட்டது. இத்தகைய பொறிகள் மார்ஷல் தாக்குதலின் முதன்மைத் தொடர்களைச் சமநிலைக்கு நெருக்கமாகவே மதிப்பிடுகின்றன. வெள்ளைக் காய்களுடன் ஆடுவோர் பலர் எட்டாவது நகர்விலேயே வேறு வழி தேர்ந்து இத்திறப்பைத் தவிர்த்துவிடுகின்றனர்.