சத்திரத்து வைத்தியம்



நம் பக்கத்து வயல்களில் நடவுக்கு வந்திருப்பவர்கள் பாதிப் பேர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். "இவங்களுக்கு ராத்திரியில ஒண்ணுன்னா யார் சார் பார்க்கிறது?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி.

வடக்கிலிருந்து வந்தவருக்கு வைத்தியம் பார்ப்பது தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1802 வாக்கில் இரண்டாம் சரபோஜி கட்டியது. ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காக அந்தச் சாலையில் இப்படிப் பல சத்திரங்கள். சோறு போட்டதைத்தான் நாம் பெருமையாகச் சொல்கிறோம். வைத்தியம் பார்த்ததை மறந்துவிட்டோம். 1801-இல் ரெசிடெண்ட் டோரினுக்கு மன்னர் எழுதிய கடிதத்தில் விவரம் இருக்கிறது. வழியில் நோயில் விழுந்தவருக்குக் குணமாகும்வரை மருந்து, பத்தியச் சாப்பாடு. வலி கண்ட பெண்ணுக்கு அங்கேயே பிரசவம், அதன் பிறகும் கவனிப்பு. பக்கிரிகள் உட்பட எல்லா வகுப்பாருக்கும் அங்கே இடமிருந்தது.

இன்றைக்கு 108 இருக்கிறது, 2008 செப்டம்பரிலிருந்து. ரேஷன் கார்டு பார்த்து யாரையும் ஏற்றுவதில்லை. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் வெளிமாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பாம்புக்கடிக்கு அரசு ஆஸ்பத்திரி.

சிக்கல் பாஷைதான். கொட்டகை எந்த வாய்க்கால் கரை என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. வயல் வைத்திருப்பவர்கள் உங்கள் நம்பரை அவர்கள் போனில் பதிந்து கொடுங்கள். கூப்பிட்டால் 108-க்கு நீங்களே பேசி, வண்டிக்கு வழி காட்டுங்கள்.