சோலைவரி இடாப்பும் இலக்கியமும்

இலக்கியத் தொடரொன்றிலே சோலைவரி இடாப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் நேயர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். லெனாட் வூல்ஃபை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் கச்சேரியிலும் பணியாற்றிய அவர், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். அங்கே அவர் எழுதிய உத்தியோக நாட்குறிப்பில் மாட்டு நோயும் உப்பளமும் சேனைப் பயிருமே நிறைந்திருக்கின்றன. 1913இல் வெளியான 'வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்ற அவருடைய நாவலின் மண் அந்தக் குறிப்புகளிலேதான் கிடக்கிறது. எழுதியவர் புகழ்பெற்றவர் என்பதால் 1960களில் அந்நாட்குறிப்பு அச்சேறியது. நமது கிராமச் சபையொன்றின் கூட்டக் குறிப்பேட்டுக்கு அந்தப் பாக்கியம் ஏது?

இந்நாட்டில் உள்ளூர் ஆட்சிக்கு நீண்ட எழுத்து மரபு உண்டு. ஒல்லாந்தர் காணிகளையும் அவற்றின் உடைமையாளரையும் தோம்புகளில் பதிந்தனர். ஆங்கிலேயர் 1865இல் மாநகர சபைகளுக்கும் 1871இல் கிராமச் சபைகளுக்கும் சட்டம் இயற்றினர். அவற்றிலிருந்து குவிந்த ஏடுகளில் சந்தைக் குத்தகை, ஒழுங்கைத் தகராறு, மயானத்துக்கு வேலி என்று ஒரு ஊரின் அன்றாடம் முழுவதும் இருக்கிறது.

நான் புரட்டிய பழைய குறிப்பேடொன்றில் ஒரு பொதுக் கிணற்றைப் பற்றிய விவாதம் நான்கு கூட்டங்களுக்கு நீண்டிருந்தது. யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு முறையும் 'ஒத்திவைக்கப்பட்டது' என்ற ஒரே சொல். 1972இல் வெளியான கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. நாவல் உரத்துச் சொன்னதை ஏடு மறைத்துச் சொல்கிறது. மறைத்த விதமும் வரலாறுதான்.

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பதை நாம் அறிவோம். அது மாநகர சபையின் நூலகம் என்பதையும், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4இல் நடந்தது என்பதையும் சேர்த்து நினைப்பவர் குறைவு. அந்தப் புதிய சபைகள் வந்தபோது பழைய கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. ஏடுகளைக் காப்பதற்குரிய அலுவலகமே இல்லாமற் போனது. பின்னர் 1987இன் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகின. இடையில் யுத்தம், இடப்பெயர்வு, கறையான்.

ஒரே பிரதி ஒரே கட்டடத்தில் இருப்பதன் ஆபத்தை நமக்கு வேறெவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் நமது நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் எண்ணிமப்படுத்தியிருக்கிறது. அதே அக்கறை சபை ஏடுகளுக்கும் வேண்டும். அச்சு நூலைவிட இது கடினமான வேலை. நூலகத்தில் இல்லாத நூலின் வேறு பிரதி எவர் வீட்டிலாவது கிடைக்கலாம். குறிப்பேட்டுக்கு வேறு பிரதி இல்லை. கட்டு உடைந்த ஏட்டைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தலாகாது, மேலிருந்து படம்பிடிக்கவேண்டும். மங்கிய மைக் கையெழுத்தைக் கணனி நம்பத்தக்கவாறு வாசிப்பதில்லை. ஆகவே ஊரையும் உறவையும் அறிந்த ஒருவர் அருகிலிருந்து பொருளடக்கம் எழுதவேண்டும். அத்தகையோருக்கு இன்று எண்பது வயது. படம்பிடிக்கும் கருவி அடுத்த ஆண்டும் கிடைக்கும்.

'இவற்றையெல்லாம் வெளியே போட்டால் குடும்ப மானம் போகுமே' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். தண்டம் கட்டியவர், வறுமை நிவாரணம் பெற்றவர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் அதே ஒழுங்கையில் வாழ்கின்றனர். அத்தகைய பக்கங்களைப் படம்பிடித்து, இத்தனை ஆண்டுகள் மூடி வைப்பது என்று விதி செய்யலாம். படம்பிடிக்காமலே விடுவது வேறு சங்கதி. அதற்கு நான் உடன்படேன்.

முதலில் செய்யக்கூடியது செலவு அதிகமில்லாத ஒன்று. இன்றைய பிரதேச சபையொன்றின் எல்லைக்குள் பல பழைய கிராமச் சபைகள் அடங்கியிருக்கின்றன. எந்தப் பழைய சபை எந்தப் புதிய சபைக்குள் போனது, அதன் ஏடுகள் எந்த அலுமாரியில் கிடக்கின்றன என்று ஊர் நூலகர்கள் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கலாம். அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.