புதுவையில் பாரதியாரின் இதழெழுத்து வாழ்வு

பாரதியாரின் புதுவை வாழ்க்கையைக் கவிஞரின் வாழ்க்கையாகவே ஆராய்ச்சியாளர் பெரிதும் கண்டு வந்துள்ளனர். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அக்காலத்தில் பிறந்தமையின் அஃது இயல்பே. ஆயினும், அவ்வாண்டுகளின் பிற்பகுதியில் இதழ்ப் பதவி ஏதுமின்றி, பிறர் இதழ்களுக்குக் கட்டுரை எழுதி வாழ முயன்றார் அவர் என்பதும் வரலாறே. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1904 நவம்பரில் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக அமர்ந்த பாரதியார், 1906இல் தோன்றிய ‘இந்தியா’ வார இதழை நடத்தினார். 1908இல் அடக்குமுறைக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அடைந்தார். இதழும் அங்குச் சென்றது. ஆங்கில அரசோ தன் எல்லைக்குள் அது வாராமல் தடுத்தது. 1910இல் இதழ் நின்றது. எழுதுவோரும் அச்சும் இருந்தும், படிப்போரைச் சேரும் வழி அடைபடின் இதழ் வாழாது என்பதற்கு இது தக்க சான்று.

பின்னர்ப் பிறர் இதழே துணையாயிற்று. 1915 முதல், அ. ரங்கசாமி ஐயங்கார் ஆசிரியராக விளங்கிய சுதேசமித்திரனில் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியாவுக்கு ஆங்கிலத்திலும் எழுதினார்.

இம்மாற்றம் உரைநடையின் வடிவிலும் புலப்படுகின்றது. தம் இதழில் தலையங்கம் தீட்டியவர், இப்பொழுது ‘தராசு’ என்னும் கற்பனைக் கடையைத் திறக்கின்றார். வருவோர் வினவ, தராசு விடையிறுக்கின்றது. ஒவ்வொரு பகுதியும் தனித்துப் படிக்கத்தக்கது. பெயரோ படிப்போர் நினைவில் நிற்பது. கடுமையான கருத்தும் நகையுரையில் அடங்குகின்றது. இதனைக் கவிஞரின் விளையாட்டு எனக் கொள்வாரும் உளர். அற்றன்று, பிறர் இதழில் இடம்பெற்று எழுதுவார்க்கு ஏற்ற வடிவமும் அதுவே என்பது எம் கருத்து.

இத்தொழில் அவருக்கு நிலைத்த வருவாயைத் தரவில்லை. 1918இல் புதுவையை நீங்கிப் பின்னர்க் கடையத்தில் வாழ்ந்தபொழுது, தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் படி அச்சிட 1920இல் திட்டமிட்டார். அது நிறைவேறவில்லை. அவ்வாண்டு இறுதியில் சுதேசமித்திரன் பணிக்கே மீண்டார். 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிரம்பாமலே, மறைந்தார்.

நாள் நீக்கித் தொகுத்த பதிப்புகளைமட்டும் கொண்டு அவர் உரைநடையை ஆராய்வோர், அக்கட்டுரை எவ்விதழுக்கு, எந்நிலையில் எழுதப்பெற்றது என்பதை இழந்துவிடுகின்றனர். ஆதலின், முதல் வெளியீட்டின் நாளும் இதழும் கண்டு பொருள் கூறுதலே ஆராய்ச்சி மாணவர்க்குக் கடன் எனத் துணிகின்றோம்.